அஞ்சலையின் முகமும் ராஜாவின் செப்பு வில்லையும்

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்கள் தங்கள் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் வாணம் விட்ட காலத்தில், ரணதீரர் என்றொரு மகாராஜா இருந்தார். எந்த தேசம் என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ராஜா நல்லவர்தான். என்ன, அவருக்கு அடிக்கடி ஒரு யோசனை வந்துவிடும். காலையில் வந்த யோசனை சாயங்காலத்துக்குள் சட்டமாகிவிடும்.

ஒருநாள் ஒரு சேதி வந்தது. பக்கத்து தேசத்தில் ஒற்றன் ஒருவன் ராஜா மாதிரியே வேஷம் போட்டு அரண்மனைக்குள் நுழைந்து, விருந்து சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டானாம். ரணதீரர் அன்றைக்கே சட்டம் போட்டார். அரண்மனையில் இருந்த அத்தனை பேருக்கும் அடையாளத்துக்கு ஆளுக்கொரு செப்பு வில்லை அடித்துக் கொடுத்தார். வாசல் காவலுக்கு மலைநாட்டிலிருந்து பன்னிரண்டு தடியர்களை வரவழைத்தார்.

"வில்லை இல்லாதவன் எவனாக இருந்தாலும் பிடித்து நிறுத்து. நாமே வந்தாலும் விடாதே!" என்று கர்ஜித்தார்.

சபை கைதட்டியது. மந்திரி மார்த்தாண்டர் எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். ராஜாவுக்கும் ஒரு வில்லை உண்டு. ஆனால் அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவர் போனால் முன்னே சங்கு போகும், மேலே குடை போகும், வில்லையை வெள்ளித்தட்டில் ஏந்திக்கொண்டு ஒரு ஆளும் போவான். ராஜா சும்மா கையை வீசிக்கொண்டு நடப்பார்.

அந்த அரண்மனையில் குப்பாண்டி என்றொரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம். ராஜா சிரிக்கச் சிரிக்க மந்திரிக்கும் அரண்மனை வைத்தியர் அகோரமூர்த்திக்கும் பற்றிக்கொண்டு வரும். இவன் எப்போது சறுக்குவான் என்று இரண்டு பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

குப்பாண்டி தினமும் வீட்டுக்குப் போகும்போது நந்தவனத்தில் அஞ்சலையிடம் ஒரு முழம் பூ வாங்குவான். அஞ்சலை அரண்மனைக்கு மாலை கட்டுகிறவள். அன்று அவள் பூ கட்டவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"அண்ணே, கிட்ட வராதீங்க. என்னை எல்லைக்கு வெளியே போகச் சொல்லிட்டாங்க. மூணு நாள்தான் கெடு. பிள்ளையையும் கூட்டிட்டுப் போகக்கூடாதாம், அதுக்கும் ஒட்டிக்குமாம்." சொல்லிவிட்டு முந்தானையை விலக்கினாள். மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் பட்டாம்பூச்சி இறக்கை விரித்து உட்கார்ந்த மாதிரி சிவப்பு படர்ந்திருந்தது. விரல் கணுக்கள் வீங்கியிருந்தன.

"யார் சொன்னது ஒட்டும்னு?"

"வைத்தியர் ஐயாதான். பத்தடி தள்ளி நின்னு, மூக்குல துணியை வச்சுக்கிட்டுப் பார்த்தாரு."

அகோரமூர்த்தியின் வைத்தியமே அப்படித்தான். ராஜகுடும்பத்தைத் தவிர யாருக்கும் கை தொட்டு நாடி பார்க்கமாட்டார். பத்தடிக்கு அப்பால் நின்று பார்ப்பார், ஒரு நோயின் பெயர் சொல்வார், போய்விடுவார்.

குப்பாண்டிக்கு மனசு பொறுக்கவில்லை. அவளைக் கடைத்தெருவில் இருந்த மருத்துவச்சி காத்தாயியிடம் கூட்டிப்போனான். காத்தாயி அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள், கணுவை அமுக்கினாள், தலைமுடியைக் கோதிப் பார்த்தாள். கொத்தாக முடி கையோடு வந்தது.

"எவன்டா ஒட்டும்னு சொன்னவன்? முப்பது வருஷமா இப்படிப்பட்ட பொண்ணுங்களைத் தொட்டுத் தொட்டு வைத்தியம் பார்க்கிறேன், எனக்கு ஒட்டலையே!" என்று காத்தாயி சீறினாள். "இங்க பாரு குப்பாண்டி. உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்கன்னு வச்சுக்கோ. வெளியில இருந்து நோய் வந்தா அடிச்சு விரட்டுறது அவங்க வேலை. இவ உடம்புல அவங்களுக்குத் தன் ஆள் யாரு, வேத்தாள் யாருன்னு தெரியாமப் போச்சு. சொந்த வீட்டையே அடிக்கிறாங்க. இந்தப் பொண்ணு நாள் பூரா வெயில்ல பூப்பறிக்குது. வெயில் பட்டா அவங்களுக்கு இன்னும் வெறி ஏறும்."

"தீருமா?"

"முழுசாப் போகாது. ஆனா வெயில் படாம இருந்து, ஓய்வெடுத்து, சொன்னபடி மருந்து சாப்பிட்டா அடங்கிக் கிடக்கும். பிள்ளை குட்டியோட நல்லா வாழலாம்." காத்தாயியின் குரல் இறங்கியது. "ஒட்டுவாரொட்டின்னு பயந்து மூடி மறைச்சிடுறாங்கடா. முகமும் காலும் வீங்கின பிறகு தூக்கிட்டு வர்றாங்க. போன வருஷம் மட்டும் நாலு பொண்ணுங்க என் மடியிலேயே போயிட்டாங்க. முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா ஒருத்திகூடப் போயிருக்கமாட்டா."

மறுநாள் குப்பாண்டி சபையில் எழுந்து நின்றான். ஏதோ வேடிக்கை சொல்லப்போகிறான் என்று ராஜா முன்கூட்டியே சிரித்து வைத்தார்.

"மகாராஜா, தங்கள் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் வாணம் விடுகிறோம். அதில் ஒரே ஒரு நாள் வாணத்தின் செலவை எனக்குத் தாருங்கள். மாலை கட்டும் அஞ்சலைக்கு வந்திருக்கிற நோயைப் பற்றி ஊர் ஊராகத் தண்டோரா போட வேண்டும். காத்தாயியை ஊர் ஊராக அனுப்ப வேண்டும். அஞ்சலையைத் துரத்தக்கூடாது."

மார்த்தாண்டர் துள்ளி எழுந்தார். "மகாராஜா! வாணம் விட்டால் தேசமே அண்ணாந்து பார்க்கும், தங்களை வாழ்த்தும். நோய்க்குத் தண்டோரா போட்டால் யார் வாழ்த்துவார்கள்? பொக்கிஷம் இருப்பது இதற்கா?"

"அது ஒட்டுவாரொட்டி என்று நானே பார்த்துச் சொல்லியாயிற்று" என்றார் அகோரமூர்த்தி.

"ஒட்டாது. அவள் உடம்பின் காவலே அவள் உடம்பை அடிக்கிறது" என்றான் குப்பாண்டி.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நல்ல கதை! காவலன் எங்காவது தான் காக்கிற வீட்டையே அடிப்பானா? அப்படி ஒரு காவலனை நமக்குக் கண்ணால் காட்டு. காட்டினால் கேட்டதைத் தருவோம்."

மந்திரி சமயம் பார்த்து நுழைந்தார். "அவன் துரோகியாக இருக்கக்கூடாது மகாராஜா. லஞ்சம் வாங்கியவனாகவோ குடித்தவனாகவோ இருக்கக்கூடாது. உத்தமமான காவலனாக இருந்தும் சொந்த எஜமானையே அடிக்க வேண்டும். நாளை மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் காட்டாவிட்டால் அஞ்சலையோடு குப்பாண்டியும் எல்லையைத் தாண்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

குப்பாண்டி பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனான். அடுத்த நாள் முழுக்க அவன் வீட்டை விட்டு அசையவில்லை. ஆள் மூட்டை கட்டுகிறான் என்று மந்திரி குஷியாகிவிட்டார்.

மூன்றாம் நாள் உச்சி நேரத்துக்குச் சற்று முன் குப்பாண்டி ராஜாவிடம் வந்து காதோடு காதாகச் சொன்னான். "மகாராஜா, அந்தக் காவலன் அகப்பட்டுவிட்டான். ஆனால் சங்கையும் குடையையும் கண்டால் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுவான். தாங்கள் சாதாரண வேட்டியோடு, தனியாக, என் பின்னால் வர வேண்டும்."

மாறுவேஷம் என்றால் ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. கிரீடத்தைக் கழற்றினார், மீசையைக் கீழ்நோக்கித் தடவிவிட்டார், சமையற்காரர் வேட்டி ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டார். வெளியே போகிறவர்களைக் காவலர்கள் கேட்பதில்லை. அதனால் இரண்டு பேரும் நந்தவன வழியாக வெளியேறி, மதிலைச் சுற்றி வடக்கு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். குப்பாண்டி தன் வில்லையைக் காட்டிவிட்டு உள்ளே போனான். ராஜா வழக்கம்போல் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தார்.

"நில்லு! வில்லை எங்கே?"

"வில்லையா? நாம்தானப்பா இந்த தேசத்தின் ராஜா."

"போன வாரம் ஒரு மோர்க்காரனும் இதைத்தான் சொன்னான்" என்றான் காவலன். இன்னொருவன் ராஜாவின் கையை முறுக்கிப் பின்னால் பிடித்தான்.

"ஐயோ, வலிக்குதுடா! விடுங்கடா! நான்தான்டா ராஜா! டேய் குப்பாண்டி!"

குப்பாண்டி உள்ளே எங்கேயோ போய்விட்டான். காவலர்கள் ராஜாவை மதிலோரம் வெயிலில் உட்கார வைத்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். திமிறியபோது முதுகில் இரண்டு வைத்தார்கள். நன்றாகவே வைத்தார்கள். வழுக்கைத்தலை கொதித்தது, முகம் தக்காளியாகச் சிவந்தது.

சத்தம் கேட்டு மந்திரி மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "எவனோ பைத்தியக்காரன். இன்னும் நாலு போடு!" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். வைத்தியர் அகோரமூர்த்தி வாசலுக்கே வந்தார். பத்தடி தள்ளி நின்று, மூக்கில் துணியை வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முகமெல்லாம் சிவப்பு! ஒட்டுவாரொட்டியேதான். எல்லைக்கு வெளியே தள்ளுங்கள் இவனை!"

"அகோரமூர்த்தி!" என்று ராஜா அலறினார்.

அந்தக் குரலைக் கேட்டதும் வைத்தியர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அதே சமயம் உள்ளிருந்து சங்கு முழங்கியது. குப்பாண்டி முன்னே வர, வெள்ளித்தட்டில் வில்லையோடு ஆள் பின்னே வந்தான். காவலர்கள் வில்லையைப் பார்த்தார்கள், ராஜாவைப் பார்த்தார்கள், தடாலென்று காலில் விழுந்தார்கள்.

"இவர்கள் தலையை வாங்குங்கள்!" ராஜா துள்ளி எழுந்து கத்தினார்.

"மகாராஜா, இவர்கள் துரோகிகளா?" என்றான் குப்பாண்டி.

"இல்லை."

"லஞ்சம் வாங்கினார்களா? குடித்தார்களா?"

"இல்லை. பன்னிரண்டு பேரும் உத்தமமான காவலர்கள். நாமே வரவழைத்தோம்."

"உத்தமமான காவலர்கள் சொந்த எஜமானையே அடித்துவிட்டார்கள். சொந்த ஆள் எது, வேற்றாள் எது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். காட்டு என்றீர்கள், காட்டிவிட்டேன். தங்களுக்கு அரை நாழிகைதான் மகாராஜா. வில்லை வந்தது, விட்டுவிட்டார்கள். அஞ்சலைக்கு உள்ளே இது ராத்திரி பகலாக நடக்கிறது. அவளுக்குத் தட்டில் வில்லை கொண்டுவர யாரும் இல்லை."

ராஜா முறுக்கிய கையைத் தடவிக்கொண்டார். பிறகு காவலர்களைக் கேட்டார்: "நீங்கள் நம்மை இவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தீர்களே, ஒட்டுவாரொட்டி ஏதும் ஒட்டியதா?"

"இல்லைங்க மகாராஜா" என்றார்கள் காவலர்கள் தரையைப் பார்த்து.

ராஜா வைத்தியரைப் பார்த்தார். மாடத்தில் தலை நீட்டிய மந்திரியைப் பார்த்தார். முதலில் மீசை ஆடியது, அப்புறம் வயிறு குலுங்கியது, கடைசியில் மதிலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடே குப்பாண்டி, ராஜாவை அடிவாங்க வைத்து நியாயம் சொன்ன ஒரே பயல் நீதானடா! ஒரு நாள் வாணம் கேட்டாய் அல்லவா? ஒரு நாள் வாணம் நமக்குப் போதும். நாலு நாள் வாணத்தின் செலவு வருஷா வருஷம் இதற்கே போகட்டும்!"

காவலர்கள் பிழைத்தார்கள். அஞ்சலை தன் குழந்தையோடு தன் வீட்டிலேயே இருந்தாள். நந்தவனத்தில் பந்தல் போட்டார்கள். பூப்பறிக்க வேறு ஆட்கள் வந்தார்கள், அவள் நிழலில் உட்கார்ந்து விரல் இடம் கொடுத்த அளவுக்குக் கட்டினாள். சந்தைதோறும் தண்டோரா போட்டார்கள்: "கன்னத்திலே பட்டாம்பூச்சி மாதிரி சிவப்பா? மூட்டு வலியா? அசதியா? மூடி மறைக்காதே! இது ஒட்டாது! வெயிலுக்குத் தள்ளி இரு, காலம் தாழ்த்தாமல் காத்தாயியிடம் வா!" தண்டோராவுக்குப் பின்னால் காத்தாயி கூண்டு வண்டியில் போனாள். அவளோடு அகோரமூர்த்தியும் போனார். ஒவ்வொரு ஊரிலும் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து நாடி பார்க்க வேண்டும் என்பது அவருக்கு ராஜ உத்தரவு. மார்த்தாண்டருக்கும் வேலை கிடைத்தது. வெயிலில் காத்தாயியிடம் வருகிற பெண்களுக்கு வண்டிவரை குடை பிடித்தார்.

அடுத்த பிறந்தநாளுக்கு முப்பத்தேழு பெண்கள் வந்து நந்தவனப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திகூட முந்தானையால் முகத்தை மூடவில்லை. அந்த வருஷம் காத்தாயியின் மடியில் யாரும் சாகவில்லை. அதைச் சொல்லும்போது அந்த முரட்டுக் கிழவி விக்கி விக்கி அழுதாள்.

ராஜா அஞ்சலையைக் கேட்டார். "போய்விட்டதாம்மா?"

"போகலைங்க மகாராஜா. உள்ளேதான் இருக்கு. ஆனா அதுக்கு எப்பக் கோவம் வரும்னு இப்ப எனக்குத் தெரியும்."

ராஜா தலையாட்டிக்கொண்டார். குப்பாண்டிக்கு முத்துமாலையைப் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். "தங்கள் வில்லையைக் கயிற்றில் கோத்துத் தங்கள் கழுத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான்" என்றான் அவன். ராஜா சிரித்தபடி அங்கேயே கட்டிக்கொண்டார்.

ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. எட்டாம் நாள் குளத்தில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு தனியாக வடக்கு வாசலுக்கு வந்தார். மலைநாட்டுக் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"வில்லை?"

ராஜா கழுத்தைத் தடவினார். வில்லை குளக்கரையில் கிடந்தது. இந்தத் தடவை அவர் கத்தவும் இல்லை, திமிறவும் இல்லை. வேப்பமர நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "கோபப்படாதேயப்பா, குப்பாண்டியைக் கூப்பிடு" என்றார்.