பதினொரு துளைகள்

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் அமலபுஷ்பத்தின் பட்டறை இருந்தது. மற்ற பட்டறைகளில் வண்டியின் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே அடிவயிற்றை மட்டும்தான் பார்ப்பார்கள். துருவைச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, அடியில் பூச்சு அடித்து அனுப்புவது ஒன்றே தொழில். உப்புக்காற்று வீசுகிற ஊரில் அதற்கே கை ஓயாத வேலை.

அமலபுஷ்பத்துக்கு முப்பத்தாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவள். லாரிக்காரர்கள் அவளை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த ஆசானுக்கு மூன்று வாரமாக ஒரு சீடர். பெயர் எபனேசர் சார். வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதிப் போட்ட மனிதர், இப்போது லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

அவர் வந்து சேர்ந்த கதை இது. மகள் பெர்சிஸ் பழைய குட்டியானை சரக்கு வண்டி ஒன்று வாங்கினாள். மணப்பாட்டில் மீன் ஏற்றி மதுரையில் இறக்க வேண்டும். அவளே ஓட்ட வேண்டும் என்பது திட்டம். மீன் வியாபாரி சம்மதித்தார். லைசென்ஸ் வந்தது. அம்மா ஜெபமும் பண்ணியாயிற்று. சாவியை மட்டும் அப்பா தர மறுத்தார்.

"அடியில துரு பிடிச்சிரும். முதல்ல நல்ல பூச்சா அடிப்போம்," என்றார்.

உண்மையில் அவருக்குப் பயம். ஒற்றைப் பெண்பிள்ளை, இருநூறு கிலோமீட்டர், தனியாக. பயம் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் துரு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் அமலபுஷ்பத்திடம் வந்து, "எந்தப் பூச்சும்மா நல்லது?" என்று கேட்டார்.

"வண்டி எந்த ரோட்டுல ஓடப்போவுது சார்?"

"அது இன்னும் முடிவாகல."

"இப்ப எங்கன நிக்கி?"

"வீட்டு வாசல்ல."

"வாசல்ல நிக்கிற வண்டிக்குப் பூச்சு எதுக்கு? சாக்கப் போட்டு மூடி வைங்க."

சாருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடுகிற ஆள் இல்லை. "அடுத்தவங்க கையில இந்த வண்டியை விடமாட்டேன். நானே கத்துக்கிட்டு நானே பூசுறேன்," என்றார்.

அமலபுஷ்பம் அவருடைய வெள்ளைச் சட்டையையும் தேய்த்த பேன்ட்டையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்குப் பழைய கைலி கட்டிட்டு வாங்க," என்றாள்.

மறுநாள் சாரோடு வண்டியும் பட்டறைக்கு வந்தது. முதல் வாரம் முழுக்கக் கம்பி பிரஷ்தான். சார் சுரண்டினார், கழுவினார், மறுபடி சுரண்டினார். மத்தியானம் சோற்றுப்பொட்டலத்தைப் பிரிக்கும்போது நோட்டையும் பிரிப்பார். அதில் கோடு போட்டு எழுதியிருந்தார். தார்: மலிவு, வெயிலில் வெடிக்கும். ரப்பர்: கல் தெறித்தால் தாங்கும். மெழுகு: இடுக்கெல்லாம் ஊர்ந்து போகும், வருஷா வருஷம் பூச வேண்டும். கழிவு ஆயில்: சீ.

"இதுல எது ஆசானே?"

"குழம்பு ஆறுது சார்."

இரண்டாம் வாரம் ஒரு லாரி வந்தது. அடிப்பக்கம் கன்னங்கரேலென்று மின்னியது. சார் தடவிப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"இது என்ன பூச்சு? இதையே அடிச்சிரலாமே!"

அமலபுஷ்பம் சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். தோசை மாதிரி ஒரு தகடு பெயர்ந்து சாரின் மடியில் விழுந்தது. பின்னாலேயே ஒரு படி துருத்தூள்.

"ரப்பர் பூச்சு சார். நல்ல பூச்சு."

"நல்ல பூச்சா? பிறகு ஏன் இப்படி?"

"கழுவாம துருவுக்கு மேலேயே அடிச்சிருக்கான். துருவ நல்லாக் காப்பாத்தியிருக்கு."

சார் தும்மினார். தும்மி முடித்து, கம்பி பிரஷைக் கையில் எடுத்தார். தன் வண்டியை அன்றைக்கு மூன்றாம் தடவையாகச் சுரண்டினார்.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை பெர்சிஸ் பட்டறைக்கே வந்துவிட்டாள். "மணப்பாட்டுல திங்கக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பாங்களாம்பா. அன்னைக்கு வண்டி வரலைன்னா வேற ஆளப் பாத்துருவாங்க." அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சாருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் போனபிறகு சார் நோட்டை மூடி வைத்தார்.

பிறகு, "ஆசானே, மணப்பாட்டு ரோடு. மீன் வண்டி. ஐஸ் தண்ணி ஒழுகும்," என்றார்.

"கீழ ரப்பரு. இடுக்குல மெழுகு," என்றாள் அமலபுஷ்பம்.

"இதை மூணு வாரமா ஏன் சொல்லல?"

"மூணு வாரமா நீங்க ரோட்டச் சொல்லலியே சார்."

வெள்ளிக்கிழமை அமலபுஷ்பம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது பூச்சு அடிக்கிற துப்பாக்கியைச் சாரின் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீங்களே அடிச்சிருங்க," என்றாள். கரும்பு தின்னக் கூலியா? சார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்தார்.

அன்று அவர் அடித்த அடி சாதாரண அடி இல்லை. ஒரு தரம் அடித்தார். காயவிட்டு இன்னொரு தரம் அடித்தார். இரும்பு, காற்று, நீர் மூன்றும் சேர்ந்தால்தானே துரு? நீர் உள்ளே போகாவிட்டால் கதை முடிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கதவுகளின் அடி விளிம்பிலும் வண்டியின் அடிச்சட்டத்திலும் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. மொத்தம் பதினொன்று. பிசினை உருட்டி உருட்டி அத்தனையையும் அடைத்தார். மேலே பூச்சு அடித்தார். அன்றைக்குச் சாப்பிடக்கூட மறந்துவிட்டார். மனசு நிறைந்திருந்தது.

சனிக்கிழமை காலை அமலபுஷ்பம் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள், கீறிப் பார்த்தாள்.

"பூச்சு நல்லா வந்திருக்கு சார்."

சாருக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் கை கதவின் அடிவிளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. "இங்கன ஓட்ட இருந்திச்சே?"

"இருந்துச்சு. அடைச்சுட்டேன். கதவுக்கு மூணு மூணு, கீழ அஞ்சு. ஒரு ஈ எறும்பு நுழைய முடியாது!"

அமலபுஷ்பம் தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து வண்டியின் கண்ணாடிமேல் பீய்ச்சினாள். ஒரு பக்கம் ஐந்து நிமிஷம், மறுபக்கம் ஐந்து நிமிஷம்.

"மழைன்னு வச்சிக்கிடுங்க," என்றாள். "இப்பம் கதவத் தொறந்து சாத்துங்க."

சார் திறந்து சாத்தினார். உள்ளே சளக் என்றது. இடுப்பில் குடத்தோடு ஓடினால் வருகிற சத்தம். மறுபக்கம் போய்ச் சாத்திப் பார்த்தார். அங்கேயும் சளக்.

"கதவுக்குள்ள தண்ணி எப்படிப் போச்சு?"

"கண்ணாடி ஏறி இறங்குதுல்லா. அந்த இடுக்கு வழியா."

"அப்ப அந்த இடுக்கையும் அடைச்சுருவோம்."

"அடைக்கலாம். கண்ணாடி இறங்காது."

"இறங்க வேண்டாம்."

"ஓட்டுத பிள்ள மூச்சு விடணும்லா சார்."

சார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்படியே விட்டா?" என்று கேட்டார்.

"வெளிய பளபளன்னு இருக்கும். உள்ள தண்ணி கெடந்து அரிக்கும். ஒருநாள் கதவு கையோட வரும்."

"பூசாமலே விட்டிருந்தா?"

"அது இதவிடக் கூடுதல் நாள் தாங்கியிருக்கும்."

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவருக்குத் தனக்கு எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை. பாஸ் மார்க் போடக்கூட மனசு வரவில்லை.

அமலபுஷ்பம் சாக்கு தைக்கிற கோணூசி ஒன்றைக் கொடுத்தாள். சார் அடியில் போய்ப் படுத்தார். முதல் துளையைக் குத்தியதும் தண்ணீர் நேரே நெற்றியில் விழுந்தது. இரண்டாவது காதுக்குள் போயிற்று. மூன்றாவதுக்கு வாயை மூடிக்கொள்ள மறந்துவிட்டார். நாலாவதில் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சிரிப்பு. அப்படி அவர் சிரித்து மாதக்கணக்காகிவிட்டது.

பெர்சிஸ் வந்தபோது வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சிரிப்புச் சத்தமும் வந்துகொண்டிருந்தது. அவள் கையில் போன் இருந்தது.

"அப்பா, மணப்பாட்டுல இருந்து லைன்ல இருக்காங்க. திங்கக்கிழமை வண்டி வருமான்னு கேக்காங்க. என்ன சொல்லட்டும்?"

சார் வெளியே வந்து எழுந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகளைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் அமலபுஷ்பத்தின் பக்கம் திரும்பினார்.

"ஆசானே, சுரண்டியாச்சு, கழுவியாச்சு, பூசியாச்சு. ஆனாலும் ரோடுன்னா ரோடு. மழை இருக்கு. காத்து இருக்கு. கூட நான் இருக்கமாட்டேன்." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "நம்ம கண்ணுக்குத் தப்பி ஏதாவது உள்ள புகுந்துருச்சுன்னா?"

அமலபுஷ்பம் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒருதரம் பெர்சிஸைப் பார்த்தாள்.

"புகும் சார்," என்றாள். "புகும்னு தெரிஞ்சுதான் செஞ்சவன் பதினொரு ஓட்ட வச்சி அனுப்பியிருக்கான்."

கதவின் அடியிலிருந்து மீதித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எபனேசர் சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெர்சிஸ் போனைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"வரும்னு சொல்லு," என்றார்.