தளபதிக்குக் காய்ச்சிய மருந்து

சீன தேசத்தில் ராஜாங்கம் ஒழிந்து, ஆளுக்கு ஒரு படை கட்டிக்கொண்டு அடித்துக்கொண்ட காலம் அது. தெற்கே ஒரு மலை மடத்தில் தாவோஜிங் என்ற குரு வைத்தியமும் பார்த்துவந்தார். அவருடைய சிஷ்யன் லின்ஷெங்குக்கு அன்று காலையிலிருந்தே வேலை ஓடவில்லை.

காரணம் இருந்தது. புரட்சிப் படையின் இளம் தளபதி ஒருவனைத் தூளி கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். கை கால் சில்லிட்டு, நாடி நூலாக இறங்கிக் கிடந்தான். முகத்தைப் பார்த்ததுமே லின்ஷெங் கண்டுகொண்டான். போன வருஷம் தன் அண்ணனைத் துரோகி என்று சொல்லிச் சந்தையில் நிறுத்திச் சுட்டவன் இந்தத் தளபதிதான். அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். அவர் செய்த துரோகம்தான் என்ன? ஊர் நெல்லையெல்லாம் படைக்கு அள்ளித் தர முடியாது என்றார். அவ்வளவுதான்.

குருவுக்கு இது தெரியும். தெரிந்தும் மருந்து காய்ச்சும் வேலையை லின்ஷெங்கிடமே கொடுத்தார். என்ன மனுஷரோ!

வச்சநாபி என்ற செடியின் வேர் போட்ட கஷாயம் அது. அந்த வேர் கடும் விஷம். அரை நாள் கொதித்தால்தான் விஷம் முறியும், போகிற உயிரையும் பிடித்து நிறுத்தும். அவசரப்பட்டு இறக்கினால் ஆளை முடித்துவிடும். அதனால் அந்த மடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காய்ச்சியவன் முதலில் ஒரு சொட்டைத் தன் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். நாக்கு மரத்துப்போனால் மருந்து வேகவில்லை என்று அர்த்தம்.

காலையில் ஏற்றிய பானையை உச்சிப்பொழுதுக்கு வெகு முன்பே லின்ஷெங் இறக்கிவிட்டான். நாக்கில் வைக்கவில்லை. அப்படியே கிண்ணத்தில் ஊற்றினான்.

அந்த நேரம் பார்த்துக் குரு உள்ளே வந்தார். சீக்கிரமே ஆகிவிட்டதே என்று மட்டும் சொன்னார். கிண்ணத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

லின்ஷெங் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். கஷாயம் தரையெல்லாம் சிந்தியது.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? அழுதுகொண்டே கேட்டுவிட்டான்.

"இவன் ஒருத்தன் இன்றைக்குச் செத்தால் நாளைக்கு எத்தனை ஊர் பிழைக்கும் குருவே? ஒருநாள் தேசமே இவன் கைக்கு வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். நினைத்தாலே குலை நடுங்குகிறது."

குரு வாசல் பக்கம் திரும்பி, தளபதிக்கு அடுத்தபடி யார் என்று விசாரித்தார். ஒரு வாலிபன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். சாந்தமான முகம். தரையில் சிந்தியிருந்ததைப் பார்த்து, யாரும் சொல்லாமலே துணி எடுத்துத் துடைத்தான். தலைவர் பிழைப்பாரா என்று மரியாதையாகக் கேட்டான். பார்க்கலாம் தம்பி, வெளியே இரு என்றார் குரு.

அவன் போனதும் சிஷ்யனைப் பார்த்தார்.

"இவன் எப்படி?"

"நல்லவனாகத் தெரிகிறது குருவே."

"உள்ளே கிடப்பவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது யார்?"

லின்ஷெங் தலை குனிந்தான். "அண்ணன்தான்."

"அப்போது உன் அண்ணன் அவனைப் பற்றி என்ன சொன்னார்?"

"தங்கமான பையன், இவனால்தான் நாடு பிழைக்கப்போகிறது என்றார்."

"இப்போது வந்துபோனானே, அவனால் ஒரு ஊரும் எரியாது என்று நீ சொல்வாயா?"

"எப்படிச் சொல்வது? எனக்கென்ன தெரியும்?"

குரு மாடத்திலிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்துப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்படியானால் அவனுக்கும் ஒரு கிண்ணம் ஊற்று. அவனுக்கு அடுத்தவன் யார் என்று கேட்டு வருகிறேன். அதுவரை அடுப்பை அணைக்காதே."

லின்ஷெங் பானையைத் தூக்கி மறுபடி அடுப்பில் ஏற்றினான். அரை நாள் முழுதும் கொதித்த பிறகே இறக்கி, முதல் சொட்டைத் தன் நாக்கில் வைத்தான்.