ஆறுமணிக்குருவிக்காகப் பெருக்கிய தோட்டம்

"உங்க வீட்டுக்கு மட்டும் வருது டீச்சர். என் வீட்டுக்கு ஏன் வரமாட்டேங்குது?"

கேட்டவர் ஞானப்பிரகாசம், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். பதில் சொல்ல வேண்டியவர் பூரணி, பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஞாயிறுதோறும் கண்மாய்க் கரைக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறவர். வயதில் இருபது இளையவர். இருந்தாலும் குரு குருதான்.

வராதது ஆறுமணிக்குருவி. ஐப்பசியில் வடக்கேயிருந்து வரும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு விசில். வடக்கே அதற்கு ஒன்பது நிறம் என்றே பெயர். ஆறாவதை எண்ணுவதற்குள் புதருக்குள் போய்விடும்.

"ஐப்பசி முடியப்போகுது. வீட்டுல கெடு வெச்சுட்டா. கார்த்திகை பிறக்குறதுக்குள்ள குருவி வரலைன்னா தோட்டம் பூரா சிமெண்ட் தளம். கொத்தனார்கிட்ட பேசியாச்சு."

"பக்கத்துலயாவது வருதா?"

"எதிர்வீட்டு வேலியில நின்னு என் தோட்டத்தைப் பாக்குது. அப்புறம் உங்க தெருப் பக்கம் பறந்துடுது. தப்பா நினைக்காதீங்க, உங்க தோட்டத்தைப் பெருக்கியே ஆறு மாசம் இருக்கும்."

"ரெண்டு வருஷம்."

"அதான் கேக்கறேன்! அங்க என்னத்தைக் கண்டது?"

"நாளைக்கு வந்து பாக்கறேன் சார்."

மறுநாள் மாலை பூரணி வந்தார். மாமரத்தடியில் ஒரு சருகு இல்லை. விளக்குமாற்றின் கோடுகள் வகிடெடுத்துச் சீவிய தலைபோல் இருந்தன.

"காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்" என்றார் ஞானப்பிரகாசம். "விருந்தாளி வர்ற இடமாச்சே. நகராட்சியில என்னால முடியாததை இங்க முடிச்சிருக்கேன்."

பூரணி வாசல் பக்கம் நடந்தார்.

வாசலோரம் குப்பை வண்டிக்காகச் சருகு மூட்டைகள் காத்திருந்தன. ஒன்றைத் தரதரவென்று இழுத்துவந்தார். கட்டை அவிழ்த்தார். மாமரத்தடியில் கவிழ்த்தார்.

"டீச்சர்!"

இரண்டாவது மூட்டை.

"ஐயோ, டீச்சர்!"

சத்தம் கேட்டு அவர் மனைவி அமலோற்பவம் ஓடிவந்தார். "என்னங்க இது அநியாயம்?"

பூரணி கையைத் தட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"அக்கா, காபி கிடைக்குமா?"

அதன்பிறகு ஞானப்பிரகாசம் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். விளக்குமாறு கண்ணில் பட்டால் கை தானாக நீண்டது. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

ஐப்பசி கடைசி நாள். மறுநாள் காலை கொத்தனார் வருவார்.

மாலை, இரண்டு விசில்.

ஞானப்பிரகாசம் ஜன்னலுக்குப் பின்னால் மூச்சை அடக்கினார். மாமரத்தடியில் குருவி தத்தித் தத்தி வந்தது. ஒரு சருகைப் புரட்டி எறிந்தது. இன்னொன்றைப் புரட்டியது. நெளிகிற மண்புழுவை இழுத்து விழுங்கிவிட்டு, அடுத்த சருகுக்குப் போனது.

பச்சை, நீலம், வாலடியில் சிவப்பு... ஏழு, எட்டு...

தோளுக்குப் பின்னால் அமலோற்பவம் எட்டிப்பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்னங்க" என்றார் மெதுவாக. "கிணத்துப் பக்கம் சருகு கொஞ்சம் கம்மியா இருக்கு."