டம்ளரைப் பார்த்துச் சொல்

“டீச்சர், ஆமான்னா எஸ். இல்லைன்னா நோ. அப்படித்தானே?”

பேட்டரிக் கடைக்காரர் தாணுலிங்கம் இப்படிக் கேட்டபோது அன்றைய வகுப்பு முடிந்திருந்தது. நாகர்கோவில் வடசேரியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் காலை நேரத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பு அது. சொல்லிக்கொடுக்கும் சகாயராணி, தாணுலிங்கத்தைவிட வயதில் இளையவர். மற்றவர்கள் போய்விட்டார்கள். அயர்லாந்து வேலைக்குக் காத்திருக்கும் நர்ஸ் பெர்லின் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“இதைக் கேக்கவா அண்ணாச்சி, விடியுமுன்ன குளிச்சிட்டு வாறீய?” என்றாள் பெர்லின்.

தாணுலிங்கம் சிரிக்கவில்லை.

“யார்கிட்ட நோ சொன்னீங்க?” என்று கேட்டார் சகாயராணி.

“எம் பிள்ளைகிட்ட.”

மகள் பெயர் ஆதிரை. தாணுலிங்கத்துக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனபோது ஆதிரைக்கு ஐந்து வயது. இப்போது பதினொன்று. அவள் வாயில் மிச்சமிருக்கும் ஒரே தமிழ்ச்சொல் ‘அப்பா’.

ஞாயிற்றுக்கிழமைதான் அவள் போனில் பேசுவாள். அன்று கடை கிடையாது. ஆனாலும் தாணுலிங்கம் ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்திருப்பார். வீட்டைவிட அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

“போன மாசம் ஒருநாள் கேட்டா. ‘யூ டோன்ட் மிஸ் மீ, அப்பா?’ன்னு. எனக்குப் புரிஞ்சுது டீச்சர். உனக்கு என்னைத் தேடலையான்னு கேக்கா.”

“என்ன சொன்னீங்க?”

“நோ, நோ, நோன்னேன்.”

பெர்லின் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“ஓகேன்னுட்டு வச்சிட்டா. அதுக்குப் பெறவு போனுக்கே வரமாட்டேங்கா. அவ அம்மாதான் எடுத்து, ஹோம்வொர்க் இருக்குங்கா. நான் என்ன தப்பு சொன்னேன்? அப்படியெல்லாம் இல்லைன்னுதானே சொன்னேன்?”

சகாயராணி மேசையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

“இதுல தண்ணி இல்லையா?”

“ஆமா, இல்ல.”

“இங்கிலீஷ்ல சொல்லுங்க.”

“எஸ்.”

“தப்பு. அதுக்கு நோ” என்றார் சகாயராணி.

பிறகு மூலையிலிருந்த தண்ணீர்ப் பானையிலிருந்து டம்ளரை விளிம்புவரை நிரப்பி வைத்தார்.

“இதுல தண்ணி இல்லையா?”

“இல்லையே, இருக்கே!”

“இங்கிலீஷ்ல அதுக்கு எஸ்.”

“ரெண்டு தடவையும் நீங்க ஒண்ணுபோலதானே கேட்டிய?”

“நம்ம தமிழ், கேட்டவங்க சொன்னது சரியா தப்பான்னு பார்த்துப் பதில் சொல்லும். இங்கிலீஷ் கேட்டவங்களைப் பார்க்காது. டம்ளரைத்தான் பார்க்கும்.”

தாணுலிங்கம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ பிள்ளைகிட்ட நான் சொன்னது?”

“தண்ணி இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. மூணு தடவை.”

டம்ளரில் தண்ணீர் தளும்பி நின்றது. அவர் அதைத் தொடவில்லை.

அந்த வாரப் பாடம், ஒருவர் சொல்வதற்கு ஒத்துப்போவது எப்படி என்பது. எனக்குப் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால், நமக்கும் அப்படியே என்றால், ‘மீ டூ’. எனக்குப் பிடிக்காது என்று சொன்னால், நமக்கும் அப்படியே என்றால், ‘மீ நைதர்’. தாணுலிங்கம் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் இரண்டையும் முணுமுணுத்தார்.

வகுப்பில் பெர்லின் அவரைச் சோதித்தாள்.

“ஐ டோன்ட் லைக் இட்லி.”

“மீ நைதர்.”

“யம்மா, என்ன பொய்! நேத்து பஸ் ஸ்டாண்ட் இட்லிக் கடையில இலையை மூடாம உக்காந்திருந்தது யாரு?”

“நீ பிடிக்காதுன்னு சொன்னியே. ஒத்துப்போகாண்டாமா?”

“உங்களுக்குப் பிடிச்சா, ‘எனக்குப் பிடிக்கும்’னு அர்த்தம் வர ‘ஐ டூ’ன்னு சொல்லுங்க, டி ஓ டூ” என்றார் சகாயராணி. “ஒத்துப்போறதுக்காக டம்ளரை மறக்கக் கூடாது.”

ஞாயிறு வந்தது. போனது.

திங்கட்கிழமை தாணுலிங்கம் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். பெர்லின் வந்தாள். சகாயராணி வந்து சாக்பீஸை எடுத்தார்.

“பேசினீங்களா?”

“அவ அம்மாகிட்ட கெஞ்சினேன். ஒரு நிமிசம் குடு போதும்னு. வந்தா. ஹலோகூடச் சொல்லல. நானே சொன்னேன், ‘எஸ், ஐ மிஸ் யூ’ன்னு.”

“என்ன சொன்னா?”

“அதுக்கு ஒண்ணும் சொல்லல. ‘ஐ டிட்ன்ட் க்ரை’ங்கா. திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாளே, அன்னைக்கு அவ அழலையாம்.”

சகாயராணி நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தார்.

“மீ நைதர்னு வாய் வரைக்கும் வந்துட்டு டீச்சர். பிள்ளை ஒண்ணு சொல்லுது, ஒத்துப்போனா அடுத்த வாரமும் பேசும்லா.”

“சொல்லிட்டீங்களா?”

“இல்ல. நான் அன்னைக்கு அழுதேனே. ‘ஐ டிட்’ன்னேன்.”

“பிறகு?”

“ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் போயிட்டுன்னு நெனச்சேன். அப்போ மெதுவா ‘மீ டூ’ன்னா.”

பெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாணுலிங்கம் கைகளைப் பிசைந்தார்.

“இங்கிலீஷ்லயே வளருற பிள்ளை. மொதல்ல அழலைன்னா. பெறவு மீ டூங்கா. அது தப்பு இல்லையே, டீச்சர்?”

சகாயராணி சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“தப்பு இல்ல அண்ணாச்சி. அவளும் டம்ளரைப் பார்த்துட்டா.”