கரடி மார்பில் விழுந்த பிறை

விலங்குகள் எல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரடியின் உடம்பில் மருந்துக்குக்கூட ஒரு வெள்ளை முடி கிடையாது. தலை முதல் கால் வரை ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பில் வெள்ளை எப்படி வந்தது என்பதுதான் கதை. கரடியின் பெயர் சடைச்சி. ஆனால் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது அவள் இல்லை, மூக்கன் என்கிற மரநாய்.

மூக்கனுக்கு அந்த மலையில் ஒரே வேலைதான். கள்ளைக் குடித்துப் பார்த்து மதிப்புப் போடுவது. கேட்கச் சொகுசாகத்தான் இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். மார்கழிப் பனி இறங்கியதும் ஒவ்வொரு வீட்டிலும் கேழ்வரகை முளைகட்டிக் காயவைப்பார்கள். அதை வறுத்து இடித்துச் சுரைக்குடுவையில் ஊறப்போடுவார்கள். வெயில் காலத்துக் கள் மூன்றே நாளில் பொங்கி அடங்கிவிடும். பனிக்காலத்துக் கள்ளுக்கு அந்த அவசரம் கிடையாது. சில்லென்ற ஊற்றுத் தண்ணீருக்குள் ஒரு மாதம் உட்கார்ந்து மெல்ல மெல்லப் பக்குவமாகும்.

தை பிறந்த அன்று காலையில் குடுவைகள் எல்லாம் பெரிய பாறைக்கு வரும். மூக்கன் மூங்கில் குழலை இறக்கி மேலிருந்து ஒரு வாய், நடுவிலிருந்து ஒரு வாய், அடியிலிருந்து ஒரு வாய் உறிஞ்சுவான். பிறகு வெள்ளைக் களிமண்ணில் கையைத் தோய்த்துக் குடுவையில் குறி போடுவான். இரண்டு கோடு போட்டால் பரவாயில்லை என்று அர்த்தம். பிறை போல வளைத்துவிட்டால் அதற்கு மேல் மதிப்பே இல்லை. அந்தப் பிறை அழியும்வரை அந்தக் குடுவை வீட்டாரை யாரும் தொடக்கூடாது. ஒரே கோடு விழுந்தால் நல்ல தானியத்தைப் பாழாக்கிய குற்றம், அன்றைக்கே மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக வந்த கட்டளை இது. மலைக்குத் தலைவனான புலியே ஆனாலும் மீற முடியாது.

அந்த வருஷம் மூக்கன் பாறைக்குப் போகிற வழியில் புலி குறுக்கே வந்து நின்றது.

"மூக்கா, சடைச்சி குடுவைக்கு இன்னைக்கு ஒரே கோடு."

"இன்னும் குடிச்சே பாக்கலீங்களே."

"தாராளமாக் குடி. குடிச்சிட்டு ஒரே கோடு போடு. அவ குகை எனக்கு வேணும். காத்து நுழையாத குகை இந்த மலையில அது ஒண்ணுதான்."

"உள்ள கண்ணு தெறக்காத குட்டிங்க ரெண்டு கெடக்குதுங்க. இந்தப் பனியில வெளிய தூக்கிட்டுப் போனா ஒரு நாளு தாங்காதுங்க."

"நீ தாங்குவியா?"

புலி முன்காலைத் தூக்கி மூக்கனின் கழுத்தின் மேல் வைத்தது. அழுத்தவில்லை. வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மூக்கன் நல்லவன்தான், ஆனால் வீரன் கிடையாது. வழி முழுக்க அவன் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டு போனான். சடைச்சியின் கள் கெட்டுப் போயிருக்க வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பு, தானியத்தைக் கருக விட்டிருப்பாள், தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியிருப்பாள். ஒரு குறை கிடைத்தால் போதும். கழுத்தும் தப்பும், மனசாட்சியும் தப்பும்.

முதல் குடுவையாகச் சடைச்சியின் குடுவையே வந்தது. "சீக்கிரம் பாத்துச் சொல்லுண்ணா. குட்டிங்களத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள் அவள்.

மூக்கன் குனிந்து பார்த்தான். கொம்புத்தேன் நிறத்தில் தெளிந்து கிடந்தது. நிறத்தில் என்ன இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு மேலிருந்து ஒரு வாய் உறிஞ்சினான். நாக்கில் லேசாக ஒரு கருகல் தட்டியது. அப்பாடா என்று மூச்சு விட்டான். விட்ட மூச்சு முடிவதற்குள் அந்தக் கருகல் கருப்பட்டிப் பாகு போல இனித்து, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வேண்டுமென்றேதான் அந்த அளவுக்கு வறுத்திருக்கிறாள்.

இரண்டாவது வாயை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிவைத்துப் புளிப்பைத் தேடினான். இருந்தது, இருக்க வேண்டிய அளவுக்கு. பின்னால் நின்றிருந்த புலி ஓரடி முன்னால் வந்து உட்கார்ந்தது. அதன் மூச்சு மூக்கனின் பிடரியில் பட்டது.

மூன்றாவது வாய் வண்டலிலிருந்து. எப்பேர்ப்பட்ட கள்ளும் அடியில் காட்டிக்கொடுத்துவிடும். மூக்கன் குழலை அடிவரை இறக்கிக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். வறுத்த தானியத்தின் வாசமும் ஊற்றுத் தண்ணீரின் குளிர்ச்சியும்தான் வந்தன. வேறு ஒன்றும் இல்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு கள்ளை அவன் குடித்ததில்லை. கெட்டுப்போன கள்ளாக இருந்திருக்கக் கூடாதா என்று அதன்மேலேயே கோபம் வந்தது.

"ஏண்ணா, நல்லா இல்லியா?" என்று கேட்டாள் சடைச்சி.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்றது புலி. "போடுறா கோட்ட."

மூக்கன் களிமண்ணில் கையைத் தோய்த்தான். குடுவையில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தான். பாறையைச் சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சடைச்சி முகத்தை மூடிக்கொண்டாள். கீழே வந்த கை அங்கே நிற்கவில்லை. வளைந்து மறுபக்கம் மேலே ஏறியது. பிறை!

புலி ஒரே அறை விட்டது. குடுவை சில்லுச் சில்லாகத் தெறித்தது. உள்ளே இருந்த கள் முழுவதும் சடைச்சியின் மார்பில் கொட்டி வழிந்தது.

"அடடா, கை பட்டுருச்சே" என்றது புலி. "குறி எங்கப்பா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. அழிஞ்ச குறிக்குக் காவல் இல்ல. சடைச்சி, குகையக் காலி பண்ணு."

கட்டளைப்படி அது சொன்னது சரிதான்.  குரங்குகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. முள்ளம்பன்றி தன் குடுவையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டது. மூக்கன் ஓடலாம் என்றுதான் திரும்பினான். திரும்பியவன் எப்படி இரண்டு கையையும் களிமண்ணில் முக்கினான், எப்படிப் பாய்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. சடைச்சியின் நனைந்த மார்பில் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான்.

"கள்ளு இங்கதானுங்க இருக்குது!" என்று கத்தினான். "அதனால குறியும் இங்கதான்!"

புலி காலை ஓங்கியது. சடைச்சி ஓடவில்லை. இரண்டு காலில் எழுந்து, அந்தப் பிறையை நேராகப் புலியின் முகத்துக்கு எதிரே காட்டி நின்றாள். பாறையில் இருந்த அத்தனை கண்களும் ஓங்கிய காலையே பார்த்தன. வெகுநேரம் அந்தரத்தில் நின்ற கால் மெல்லக் கீழே இறங்கியது.

கேழ்வரகுக் கள்ளின் பிசுக்கு சாமானியமானதா? களிமண் முடியோடு ஒட்டி இறுகிவிட்டது. மழை பெய்து பார்த்தது, வெயில் காய்ந்து பார்த்தது, பிறை போகவே இல்லை. அடுத்த வருஷம் பிறந்த குட்டிகளின் மார்பிலும் அது இருந்தது.

மூக்கனின் உடம்பில் எந்தக் குறியும் இல்லையே, அவனுக்கு ஏது காவல்? புலி திரும்புவதற்குள் மரத்தில் ஏறியவன்தான், பகலில் இறங்கவே இல்லை. இன்றைக்கும் மரநாய் இருட்டிய பிறகுதான் வெளியே வரும். பனை உச்சியில் கட்டிய கலயத்தில் திருட்டுத்தனமாக ஒரு வாய் குடிக்கும். நல்லது கெட்டது என்று யாரிடமும் சொல்லாது.

சடைச்சியின் பிள்ளைகளுக்கோ அன்றைக்கு வந்ததுதான் இந்தப் பழக்கம். எதிரே புலி வந்தால் மற்ற விலங்குகள் ஓடும், கரடி மட்டும் இரண்டு காலில் எழுந்து மார்பைக் காட்டி நிற்கும்.