ஆண்டவர் சாயலுக்கு ஒரு குழி

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற தொம்மையோடு ஊரில் யாரும் பேசுவதில்லை. யாராவது செத்தால்தான் ஆள் அனுப்புவார்கள். ஒருநாள் இரண்டு ஒன்றாக வந்தன. ஒன்று, கரையில் ஒதுங்கிய பேர் தெரியாத பிணம். மற்றது, கோயிலில் விழுந்து உடைந்த இயேசு சுரூபம்.

கோயில் நிர்வாகி தஸ்நேவிஸ் முதலாளி விரலை நீட்டினார். “சாமியார் மந்திரிச்ச சுரூபத்தைக் குப்பையில போடக்கூடாது. அது ஆண்டவர் சாயல். பட்டு சுத்தி மதிலுக்குள்ள அடக்கம் பண்ணு. அந்த அநாதைப் பிணத்தை வெளியே எங்கேயாவது மூடு. மாத்திச் செஞ்சா உனக்கு வேலை இருக்காது.”

மறுநாள் முதலாளி பங்குச் சாமியாரோடு வந்தார். மதிலுக்குள் புதுக் குழிமேடு இருந்தது. மேலே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

“சொன்னபடி செஞ்சியா?”

“ஆண்டவர் சாயல் பட்டோட உள்ளே இருக்கு, முதலாளி. கரையில ஒதுங்கினவரு.”

“என்னலே சொல்ற?”

“சுரூபம் ஆசாரி செஞ்சது. மனுசனை ஆண்டவரே தன் சாயலாச் செஞ்சார்னு ஞானோபதேசத்துல நீங்களும் படிச்சிருப்பீங்க. அடக்கத்துக்கு நான் ஒருத்தன்தான் நின்னேன்.”

முதலாளி சாமியாரைப் பார்த்தார். சாமியார் குழிமேட்டருகே போய் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார்.

“அப்போ சுரூபம் எங்கே?” முதலாளியின் குரல் இறங்கியிருந்தது.

“என் குடிசையில இருக்கு. நாலு வார்த்தை பேச எனக்கும் ஆள் வேணும்ல, முதலாளி.”