கெடாத ஒயின்

தூத்துக்குடியில் கிளிட்டஸ் மாஸ்டரிடம் வீட்டு ஒயின் போடக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் தஸ்நேவிஸ்தான் மூத்தவர். மாஸ்டரைவிட வயதில் பெரியவர். ஆனாலும் சீடன் சீடன்தான் என்று நின்றுகொண்டேதான் சந்தேகம் கேட்பார்.

"மாஸ்டர், எந்த ஒயின் கிட்டை வாங்கட்டும்?"

மேசையில் ஒயின் போடும் சாமான் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் பழச்சாறும் ஈஸ்டும் அளந்து வைத்த பாக்கெட்டுகள். மற்றதில் ஒரு கண்ணாடி ஜாடியும் குழாய் வைத்த மூடியும் மட்டும். திராட்சையை நாம்தான் வாங்க வேண்டும்.

"உங்களுக்கு எப்படிப்பட்டது வேணும் அண்ணாச்சி?"

"கெடவே கெடாதது."

மாஸ்டர் சிரித்துவிட்டார். தஸ்நேவிஸ் சிரிக்கவில்லை.

"போன கிறிஸ்துமஸுக்கு நான் போட்ட ஒயின் புளிச்சுக் காடியாப் போச்சு மாஸ்டர். மச்சான்மார் ஒரு வாய் வச்சிட்டுத் துப்பிட்டாக. என் வீட்டுக்காரி சலேத்து மட்டும் ஒரு கிளாஸை முழுசாக் குடிச்சிட்டு, நல்லாத்தானே இருக்குன்னா. கூடப் பிறந்தவுகளே அவளைக் கேலி பண்ணிட்டாக. இந்த வருஷமும் என் பொண்டாட்டி எனக்காகப் பொய் சொல்லக் கூடாது."

பாவம், மனுஷன் இத்தனை நாளும் இதை மனசில் போட்டுப் புழுங்கியிருக்கிறார்.

மாஸ்டர் போனை எடுத்து சலேத்தை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"மதினி, போன வருஷத்து ஒயின் மிச்சம் கிடந்துச்சே, அதை என்ன செஞ்சீங்க? கொட்டிட்டீங்களா?"

"ஐயோ, அவுக மெனக்கெட்டுப் போட்டதை எப்படித் தம்பி கொட்ட? புளிக்குப் பதிலா மீன் குழம்புல ஊத்திக்கிட்டு இருக்கேன். அவுககிட்ட சொல்லிராதீங்க. இப்பல்லாம் குழம்பு ருசியா இருக்குன்னு தட்டை வழிச்சிச் சாப்பிடுதாக."

மாஸ்டர் போனை வைத்தார். தஸ்நேவிஸுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், சட்டைக் கையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மேசைப் பக்கம் திரும்பினார்.

"அப்ப எந்த கிட்டை எடுக்க மாஸ்டர்?"

"எதையாவது எடுங்க அண்ணாச்சி. நல்லா வந்தா மச்சான்மாருக்கு ஊத்துங்க. கெட்டுப் போனா உங்க ரெண்டு பேருக்கும்."